பக்கத்து வீட்டு எஞ்சின்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக என் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தூக்கி அதன் இரும்புப் பிரேமுக்குள் வைக்கப் பார்க்கிறேன். இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம்.

இன்று காலை பக்கத்து வீட்டுத் துவாரகா தன் மோட்டார் சைக்கிளுக்குத் தனியாகவே எஞ்சின் பூட்டிவிட்டாள்.

என் மனைவி மதிலடியில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அவள் எஞ்சினைத் தூக்கேல்லையப்பா. பழைய மெத்தையிலை சரிச்சு வைச்சிட்டு, வெறும் பிரேமைத் தூக்கி அதுக்கு மேலை இறக்கினவள். இருபது நிமிசம்தான்."

"அது சின்ன எஞ்சின்," என்றேன்.

"உங்கடையும் அதே மொடல்தானே."

வயிறு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் துவாரகாவே கேற்றடிக்கு வந்தாள். கையெல்லாம் கிறீஸ்.

"அண்ணை, உங்கடை எஞ்சினையும் பூட்டித் தரட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. பெயின்ற் காயட்டும் எண்டு விட்டிருக்கிறன்."

நான் பெயின்ற் அடிக்கவே இல்லை.

அவள் போனதும் கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய மெத்தையை விரித்து, அவள் செய்தபடியே செய்தேன். பிரேம் சுலபமாக இறங்கியது. போல்ட்டுகளும் இடறாமல் உள்ளே போயின. எனக்கு மகிழ்ச்சிக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

மிச்ச வேலைகளை முடித்துப் பின்னேரம் ஸ்டார்ட் செய்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று மதிலோரம் நிறுத்தி நன்றாக முறுக்கினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்குக் காட்டுறியள்? அவள் வீட்டிலை இல்லை. அச்சுவேலியிலை ஆரோ எஞ்சின் பூட்டக் கூப்பிட்டவையாம், போயிட்டாள்."

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். இன்றைக்கே சொல்ல வேண்டுமா, நாளைக்குச் சொன்னால் போதுமா? நீங்களே சொல்லுங்கள்.