லைக் என்ற சொல்லும் ஒரு சிமெண்டு முகமும்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின், மலேசியாவில் கிள்ளானில் நான் தினமும் பதிகம் பாடிவந்த எங்கள் அம்மன் கோயிலுக்குச் செயலாளரானேன். குடமுழுக்கு மலருக்காகப் பழைய பதிகங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தார் அவசரப்படுத்திக் கொண்டிருந்தார்கள்.

அடிக்கு அடி உவமை. முகம் நிலவு போல, இடை மின்னல் போல, பாதம் தளிர் போல. ஒவ்வொன்றுக்கும் ‘லைக்’ என்றே எழுதிச் சலித்துப்போய், வேறு சொல் தேடிப் பெரிய அகராதியைத் திறந்தேன். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த சொல்லாம். உயிருள்ள உடலுக்கும் அதே சொல், பிணத்துக்கும் அதே சொல். ஒன்றைப் போன்றது என்றால் முதலில் அதே உடலை உடையது என்று பொருள். விருப்பத்தைச் சொல்லும் ‘லைக்’கும் அந்த வேரில் கிளைத்ததுதான், ஒத்துப்போவது என்ற பொருள் நாளடைவில் மனத்துக்கு உகந்தது என்றாகியிருக்கிறது. புதிய சிலையின் படத்துக்குக் கோயில் பிள்ளைகள் கைப்பேசியில் அழுத்திக்கொண்டிருந்த லைக், அதன் கடைசிக் கொழுந்து.

வாழ்நாளெல்லாம் புழங்கிய சொல்தான். அன்று அதைப் படித்தபின் மேற்கொண்டு எழுத ஓடவில்லை. இரண்டு மாதங்களுக்குமுன் ஒருவரை நான் வெறுங்கையோடு அனுப்பியது நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் கோயில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டம் போய் வீடுகள் வந்தபின்னும் கருவறையில் பழைய சிமெண்டு அம்மனே இருந்தாள். தோட்டத்தில் கொத்துவேலை பார்த்த ஒருவர் செய்த சிலை அது. தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் சிலை வந்திறங்கியதும், பழையதை என்ன செய்வதென்று கூட்டம் கூட்டினோம். அந்தக் கொத்தனாரின் மகள் கம்போங் மேடானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர்.

“அண்ணே, அத கடல்ல போட்றாதீங்க. ஒரு மூலையில வெச்சிருங்க. எங்கம்மா செத்த வருசம் அப்பா செஞ்சது. அது எங்கம்மா மொகம்ணே. அவங்களுக்கு வேற போட்டோ கெடையாது. அடையாளக் கார்டு ஐசில இருந்த ஒன்னையும், செத்தத பதியப் போனப்போ ஆபீஸ்ல வாங்கிட்டாங்க.”

“அப்ப இத்தன வருசமா உங்கம்மாவுக்கா தீ மிதிச்சோம்? நல்லா இருக்குலா!” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சற்றுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அதைவிடக் கொடியதைச் செய்தேன். “அம்மா, அம்பாளுக்கு ஒப்புன்னு ஒலகத்துல எதுவும் கெடையாது. பாட்டுல அப்படித்தான் இருக்கு. மனுசி மொகத்த அவ மேல ஏத்தக் கூடாது,” என்று நீதிமன்றக் குரலில் சொல்லிவிட்டேன். பாட்டைச் சொன்னவனை எதிர்த்துப் பேச யாருமில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் சிலை லோரியில் ஏறி, படகில் ஏறி, கடலில் இறங்கியது. கரையில் நின்று பதிகம் பாடினேன்.

நிலவையும் மின்னலையும் அவளுக்கு ஒப்பாக்கிய பாடல்களை மனப்பாடமாகச் சுமந்துகொண்டு, ரப்பர்ப் பால்மரம் சீவிய ஒரு தோட்டத்துத் தாயின் முகத்தை மட்டும் தகாது என்று தள்ளியிருக்கிறேன். மகளுக்கு அங்கே நின்றது தாயின் உடல். அகராதிக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் கோயில் ஆல்பங்களையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஒரு படமாவது கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாமே. எல்லாம் திருவிழாப் படங்கள். எல்லாவற்றிலும் அம்மன் முகத்தில் வெள்ளிக் கவசம். கவசமில்லாத நாட்களில் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவனும் நானே.

வெறுங்கையோடுதான் போனேன். அவர் வீடு நான்காவது மாடி.

“லிப்ட் ரோசாக்காகி ஓடலியேண்ணே, படியேறியா வந்தீங்க? இந்த வயசுல விழுந்து வெச்சா யாரு தூக்கறது!” என்று உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

“நான் செஞ்சது தப்பும்மா,” என்றேன். படம் கிடைக்காததையும் சொன்னேன்.

அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். பிறகு, “போனது போச்சு. ஒன்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மாவுக்கு ஒரு கன்னத்துல குழி விழும். அப்பா அதையும் வெரலால அமுக்கி வெச்சிருந்தாரு. அது எடது பக்கமா, வலது பக்கமா? எனக்கு இப்பல்லாம் கொழம்புது. நீங்கதானே தெனம் கிட்ட நின்னு பாடுவீங்க,” என்றார்.

இருபது ஆண்டுகள் அந்த முகத்துக்கு நேரே நின்றிருக்கிறேன். பாட்டெடுத்ததும் கண்களை மூடிக்கொள்வேன். அதைப் பக்தி என்று எண்ணியிருந்தேன்.

“தெரியலைம்மா.”

அவர் தலையசைத்தார். ஒரு விரலை முதலில் தன் இடக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்து வலக் கன்னத்தில் வைத்தார்.