எத்தனை போன் தாங்கும்

அப்பா இறந்த மறுநாள் காலை, எங்கள் வீட்டு வைஃபையில் எத்தனை போன்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. திரையில் நாற்பத்தேழு என்று இருந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே நீளமான வீடு எங்களுடையது. செல் சிக்னல் பேசுவதற்குத்தான் போதும். குடும்பத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒரு ரவுட்டர் வாசல் வரை எட்டாததால் மூன்று டப்பாக்கள் கொண்ட மெஷ் வைஃபை வாங்கி நானே பொருத்தினேன். கேபிள் வந்து சேரும் பின்னறையில் ஒரு டப்பா, கூடத்தில் ஒன்று, வாசலறையில் ஒன்று. ஒன்றிடம் வாங்கி மற்றது முன்னே அனுப்பும். நூறு கருவிகளுக்கு மேல் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமைதான்.

அண்ணன் குவைத்தில் இருக்கிறார். லீவு கிடைக்கவில்லை. தூக்குவதற்கு முன் வாய்க்கரிசி போடும்போது மட்டும் வீடியோவில் இருந்தால் போதும், தன் பேரைச் சொல்லிச் சித்தப்பா போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்பாவைக் குளிப்பாட்டி, பந்தலில் பாடையில் கிடத்தியாயிற்று. என் போனில் அண்ணன் முகம் வந்தது, அப்படியே உறைந்து நின்றது.

"பத்து மோட்டார் ஒரே போர்ல இழுத்தா தண்ணி வருமாடி? ஊரே ஒன் வைஃபையிலதான் கெடக்கு" என்றார் அத்தை.

பையில் சும்மா கிடக்கும் போன் பெரிதாக எதையும் இழுக்காது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வீடியோ பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு என்று எனக்குத் தெரியும். இருந்தும் பந்தலில் நின்று, "எல்லாரும் கொஞ்சம் வைஃபைய ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியல பாப்பா, நீயே பண்ணிடு" என்று ஒரு மாமா போனை நீட்டினார்.

"படிச்ச புள்ள, எழவு வீட்டுலயும் கிளாஸ் எடுக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எண்ணிக்கை ஒன்பதுக்கு இறங்கியது. அண்ணன் முகம் அசையவில்லை.

"வெயில் ஏறுதும்மா" என்றார் சித்தப்பா.

"இருங்க சித்தப்பா" என்று உள்ளே போனேன்.

கூடத்தில் என் டப்பா இருக்க வேண்டிய பிளக்கில் தடித்த கறுப்பு ஒயர் ஒன்று சொருகியிருந்தது. ஜன்னல் வழியாகப் பந்தலுக்குப் போனது. அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் ஒயர். அவரை வெளியே எடுத்த பிறகும் பெட்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த டப்பா போனதால், வாசலறை டப்பா அத்தனை சுவர்களையும் தாண்டிப் பின்னறையைப் பிடிக்கத் தடுமாறியிருக்கிறது. எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சித்தப்பா பின்னாலேயே வந்திருந்தார். "அந்த வெள்ள டப்பாவா? கொசு மிஷினுன்னு நெனச்சு நாந்தான் கழட்டி டிவி மேல வச்சேன். பெட்டிக்கு வேற பிளக்கு இல்ல பாப்பா."

ஒயரைப் பிடுங்கி, டப்பாவைச் சொருகினேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வெளியே மேளத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்காகத்தான் நிறுத்தினார்கள் என்பது புரிந்தது. மனதில் எதுவும் ஓடவில்லை. விளக்கு வெள்ளையானது.

அண்ணன் தெளிவாக வந்தார். பின்னால் இரண்டடுக்குக் கட்டிலும், கொடியில் காயும் துண்டும் தெரிந்தன. சித்தப்பா அண்ணன் பேரைச் சொல்லி, "மூத்தவன் போடுறான்" என்று அரிசியை அப்பாவின் வாயில் இட்டார். அதே நேரம் அண்ணன் கையை நீட்டினார். மெஸ்ஸிலிருந்து ஒரு பிடி பச்சரிசி வாங்கி வைத்திருந்திருக்கிறார். எதிரே நிறுத்தியிருந்த போனைப் படுக்கவைத்து, அப்பா தெரிந்த திரைமேல் அதை விட்டார். என் திரை முழுக்க அரிசி விழுந்து அவர் முகத்தை மறைத்தது.

"தெரிஞ்சுதா அண்ணே?"

"தெரிஞ்சுது" என்றார் அரிசிக்குப் பின்னாலிருந்து.

பாடையைத் தூக்கினார்கள். அண்ணன் அரிசியைத் துடைக்கவில்லை.