சான் ஹோசே சுற்றிப் போகிறவர்

அன்றைக்குக் காரில் இருந்தது அப்பாவும் நானும். அம்மா இல்லை. சித்தி கல்யாணத்துக்காகக் கரூர் போயிருந்தாள். திரும்பி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாடி வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும்கூட அந்த சனி, ஞாயிறு எங்கள் ஊரான லிவர்மோரில் இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தார்கள். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்களில் ஒருவர் ஊரில் இருந்திருந்தாலும் நாங்கள் அந்தப் பாலத்தின் மேல் போயிருக்க மாட்டோம்.

அப்பா அப்போது ஃப்ரீமான்ட்டில் ஒரு ஓட்டலில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அம்மா அந்த மூன்றும் பார்த்ததில்லை. இங்கிலீஷில் வருவது எதுவானாலும், கரன்ட் பில்லோ பள்ளிக்கூடத்து நோட்டீஸோ, ஒன்பது வயதான என் கைக்குத்தான் வரும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பாவிடம் எனக்கு ஒரே ஒரு வெட்கம். அவர் கஞ்சர். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எல்லோரும் ஓக்லண்ட் வழியாகப் பாலத்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள். நாங்கள் மட்டும் தெற்கே இறங்கி, சான் ஹோசே போய், வளைகுடாவை முழுசாகச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏறுவோம். பாலம் என்றால் டோல் கொடுக்க வேண்டும். சுற்றிப் போனால் கொடுக்க வேண்டாம்.

"ரெண்டு டாலர் மிச்சம் பிடிக்க பத்து டாலருக்கு பெட்ரோல் போடுற ஒரே ஆள் நீங்கதான் சார்" என்பார் மாடி வீட்டு அங்கிள். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், கணக்கில் புலி.

"கை கொஞ்சம் இறுக்கம் சார். பழகிப்போச்சு" என்று அப்பா சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். எழுந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அம்மாவிடமும் எனக்கு ஒரு குறை இருந்தது. காரில் ஏறினால் வாயை மூட மாட்டாள். வீட்டில் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. ஆனால் ஃப்ரீவே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போகும் இடம் வந்துவிட்டால் போதும், வெண்டைக்காய் முற்றலாக இருந்தது, ஆன்ட்டி வீட்டுப் புது சோபா, அத்தை போனே செய்யாதது என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும். அப்பா ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு, குளிரானாலும் ஜன்னலை இறக்கிவிட்டு, "ம்... ம்..." என்பார். பின்சீட்டில் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் வகுப்பு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகிற நாள். படகில் ஏறி, கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. நான் படகில் ஏறியதே கிடையாது. ஒரு மாதமாக எனக்குத் தூக்கத்திலும் படகுதான். திங்கட்கிழமை ஓட்டலுக்கு லீவு என்பதால் அப்பாவே புளிசாதம் கிளறி, ஃபாயிலில் மடித்து, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதாக இருவருக்கும் பெருமை.

பஸ் இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஆபீஸில் இருந்த அம்மையார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எங்கள் கடிகாரத்தைவிட அது ஒரு மணி நேரம் முன்னால் இருந்தது.

ஏப்ரல் மாதம் முதல் ஞாயிறு இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மாடி ஆன்ட்டி வந்து சொல்வார், அம்மா திருப்பி வைப்பாள். அந்த ஞாயிறு முழுக்க யாரும் எங்கள் கதவைத் தட்டவில்லை, போனும் வரவில்லை. அப்பா தூங்கினார், நான் டிவி பார்த்தேன். ஊர் முழுக்க வேறொரு மணிக்கு மாறிப் போயிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பழைய மணியில் ஒருநாள் முழுக்க இருந்திருக்கிறோம்.

"படகு பத்தரைக்காம்ப்பா" என்று ஆபீஸ் அம்மையார் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "நேரா படகுத்துறைக்கே கொண்டு வந்து விட்டா சேர்த்துக்குவாங்களாம்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "சுத்திப் போனா?"

"போட் போயிரும்."

காருக்கு வந்து மேப்பை விரித்துப் பாலத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் காட்டினேன். அப்பா மேப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு, அம்மா உட்காருகிற இடத்தைக் கையால் தட்டினார்.

"முன்னாடி வந்து உக்காரு சாமி."

ரெண்டு டாலருக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தபடி ஏறினேன்.

ஓக்லண்ட் வரை அவர் நன்றாகத்தான் ஓட்டினார். டோல் வரிசையில் நிற்கும்போது ஜன்னலை இறக்கினார். எல்லாப் பக்கமும் கார்கள், திரும்ப வழியில்லை. காசு வாங்கும் பெண்ணிடம் நீட்டிய நோட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உடம்பு நல்லா இருக்கான்னு கேக்குறாங்கப்பா."

"ஐ யம் ஓகே" என்றார் அப்பா, அவளிடம் இல்லை, ஸ்டியரிங்கிடம்.

பாலம் ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர். நான் எம்பி எம்பிப் பார்த்தேன். அப்பா முன்னால் போகிற லாரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாய் வழியாகப் போய் வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியே அவ்வளவு குளிர்காற்று வரும்போது இவருக்கு மட்டும் எப்படி வேர்க்கிறது என்று எனக்கு ஆச்சரியம்.

"பேசு" என்றார்.

நான் படகைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன்; அப்படித்தான் பழக்கம்.

"தமிழ்ல பேசு சாமி."

"என்ன பேச?"

"அம்மா பேசற மாதிரி. எதையாச்சும். நிறுத்தாம."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சரி என்று அம்மா குரலிலேயே தொடங்கினேன்.

"வெண்டைக்காய் பாருங்க, ஒண்ணாவது ஒடியுதா? எல்லாம் முத்தல். இதுக்கு அந்தக் கடைக்காரன் வாய் கூசாம காசு வாங்கறான்."

"ம்."

"மேல் வீட்ல புது சோபா. உக்காந்தா உள்ள போயிருது. எந்திரிக்க ஆள் வேணும்."

"ம். அப்புறம்?"

"அப்புறம்... உங்க அக்கா போன் பண்ணுச்சா? பண்ணாது. நாமதான் பண்ணணும். அவங்களுக்கு விரல் தேஞ்சிரும்."

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா தெரியவில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நடுவில் ஒரு சுரங்கம் வந்தது, அதற்குள்ளும் பேசினேன். சுரங்கம் தாண்டியதும் பாலம் இன்னும் உயரத்தில், கம்பிகளில் தொங்கிக்கொண்டு, கீழே கப்பல்களோடு வந்தது. எனக்குத் தமிழ் தீர்ந்துவிட்டது. வார்த்தை தேடி நின்றேன்.

"நிறுத்தாத."

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் பயந்து, மறுபடி வெண்டைக்காயிலிருந்தே ஆரம்பித்தேன். இரண்டாம் தடவைக்கும் அவர் முதல் தடவை கேட்பதுபோலவே "ம்" போட்டார்.

படகுத்துறையில் என் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் கையைத் தூக்கி ஆட்டினார். அப்பாவும் வரலாமே, டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றார். நான் தமிழில் சொல்வதற்குள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "நோ, நோ, தேங்க்யூ" என்றார். படகு நகர்ந்தபோது அவர் கரையில் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எனக்காக நிற்கிறார் என்று நினைத்து டாட்டா காட்டினேன். வேலியை விட்டு அவர் கை எழவில்லை.

தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. அப்பா அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய புளிசாதப் பொட்டலம் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"என்கூட வரியா, பஸ்ல போறியா சாமி?"

பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டே போவார்கள். நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

"பஸ்லயே போ. பசங்களோட போ" என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் நாலடி போய்த் திரும்பி வந்தேன். காலையில் பஸ் வரும்போது டீச்சர் சொன்னதாக என் நண்பன் சொன்ன விஷயத்தை அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். "அப்பா, திரும்பிப் போறதுக்கு டோல் கிடையாதாம். வரும்போது மட்டும்தானாம். பிரிட்ஜ்லயே வா, ஃப்ரீ!"

"அப்படியா. சரி சாமி."

சாயங்காலம் வீடு பூட்டிக் கிடந்தது. முந்தின நாள் ராத்திரிதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த ஆன்ட்டி என்னை மாடிக்குக் கூட்டிப் போய் நூடுல்ஸ் செய்து கொடுத்தார். அங்கிள் ஆபீஸிலிருந்து வந்தார், டிவியில் செய்தி முடிந்தது. அதற்கப்புறம்தான் அப்பாவின் கார் வந்தது.

"என்ன சார், பையன் வந்து மூணு மணி நேரமாச்சு?"

"சான் ஹோசே சுத்தி வந்தேன் சார். கொஞ்சம் டிராஃபிக்."

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஐயோ சார்! திரும்பி வரதுக்கு டோலே கிடையாது சார்! ஓசியில விடுறான், அதுக்குமா சுத்துவீங்க?"

"கிடையாதா? தெரியாமப் போச்சே சார்" என்று அப்பா தலையில் கை வைத்துச் சிரித்தார். ஆன்ட்டி சிரித்தார். அவர்கள் பெண் சிரித்தாள்.

நான்தான் சொன்னேனே என்று வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஏனென்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டேன். பாவம், மறந்துவிட்டார், வயசாகிறது என்று நினைத்தேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

பாலத்தில் அவருக்கு வந்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்பது நான் காலேஜுக்குப் போன பிறகு தெரிந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. அம்மாவிடம் ஒருமுறை கேட்டபோது, "உங்கப்பாவுக்கு பாலத்து மேல போனா அந்த மாதிரி வரும். உயிர் போற மாதிரி" என்று மட்டும் சொன்னாள். பெயரில்லாத ஒன்றை மாடி வீட்டில் எப்படிச் சொல்வது? கஞ்சத்தனத்துக்குப் பெயர் இருந்தது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்று ராத்திரி அங்கிள் எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பும்போதும் விடவில்லை. "அப்ப மொத்தத்துல பாலத்துக்கு எவ்வளவு சார் கொடுத்தீங்க?"

அப்பா என் தோளில் கை வைத்தபடி படியிறங்கினார். அந்தக் கை இன்னும் ஈரமாக இருந்தது.

"ரெண்டே டாலர்தான் சார்."