மங்களநாயகி சொன்ன சாட்சி

பேராசிரியர் மங்களநாயகி மறைந்த செய்தி போன புதன்கிழமை காலை எனக்கு இரண்டு வீடுகளிலிருந்து வந்தது. முதலில் அழைத்தவர் அவருடைய அண்ணன் மகன். "அத்தை போயிட்டாங்க சார்" என்றார். நான் நாற்காலியைத் தேடி உட்காருவதற்குள் மறுபடி மணி அடித்தது. இம்முறை பேசியவர், அந்தக் குடும்பத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட மாரிமுத்துவின் மகன். அவர் குரலும் அதே அளவு உடைந்திருந்தது. ஒரு காலத்தில் ஒன்றை எதிர்த்து ஒன்று வழக்காடிய வீடுகள் இவை. அந்தக் கதை மங்களநாயகியோடு பணியாற்றியவர்களுக்குத் தெரியும். அவரிடம் பிற்காலத்தில் படித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் கல்லூரித் தமிழ்த் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. அற இலக்கியம் அவர் பாடம். உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, உடம்பால் நடந்து காட்டுவது மெய்மை என்று நம் முன்னோர் மூன்றாகப் பிரித்ததைத் தமிழாசிரியர் எல்லோரும் சொல்வோம். அவர் அதோடு நிறுத்தமாட்டார். "மூணாவதுக்கு வரும்போதுதான் கால் வலிக்கும். எழுந்து போகணும்ல" என்பார். வகுப்பு சிரிக்கும்.

அரசு அலுவலகச் சுவர்களில் பழந்தமிழ் வரிகள் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பட்டிமன்றம் இல்லாத திருவிழா கிடையாது. திருவையாற்றில் ஒரு முறை, வாய்மை என்பது நடந்ததை நடந்தபடி சொல்வதா, தீமை விளையாததைச் சொல்வதா என்று தலைப்பு வைத்தார்கள். மங்களநாயகி இரண்டாவது கட்சி. யாருக்கும் கேடு தராத சொல்லே வாய்மை என்ற பழைய இலக்கணத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் இருந்த அண்ணன் சபாபதி கை ஓயாமல் தட்டினார். தங்கை மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் அப்போது புதிது. பூதலூருக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த ஒன்பது மா வயலை, ஏறக்குறைய மூன்று ஏக்கரை, மாரிமுத்துவும் அவருக்கு முன் அவர் அப்பாவும் வாய்ப்பேச்சிலேயே பயிரிட்டு வந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை. பெயர் பதிவானால், நினைத்தபோது வெளியேற்ற முடியாது. மாரிமுத்து மனுக் கொடுத்தார். அது சொந்தச் சாகுபடி, மாரிமுத்து கூலிக்கு வந்த ஆள் என்று சபாபதி மறுத்தார். பேராசிரியை சொன்னால் அதிகாரி நம்புவார் என்று தங்கையைக் கேட்காமலேயே அவர் பெயரைச் சாட்சியாகவும் கொடுத்துவிட்டார்.

மங்களநாயகிக்கு நோட்டீஸ் வந்த பிறகு, சமாதானம் சொல்ல அண்ணன் கல்லூரிக்கே வந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"தீமை வராத சொல்தான் வாய்மைன்னு நீதானே மேடையில சொன்னே? இதைச் சொன்னா நம்ம குடும்பத்துக்கு என்ன தீமை வந்துடப்போவுது?"

மங்களநாயகி நிதானமாகத்தான் பதில் சொன்னார். "நம்ம குடும்பத்துக்குன்னு அந்த நூல்ல எங்கண்ணே இருக்கு? யாருக்கும்னுதான் இருக்கு. மாரிமுத்துவும் அதுல சேர்த்திதானே? என்னைய கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன். இப்பவே சொல்லிடறேன்."

வரவழைத்துக் கொடுத்த காபியைத் தொடாமல் சபாபதி எழுந்து போனார். நாலு பேர் முன்னால் தங்கை தன்னை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று அப்போதும் நம்பினார்.

விசாரணை நாளில் பாசஞ்சர் ரயிலில் நானும் துணைக்குப் போனேன். கூடம் நிறைய ஜனம். தஞ்சாவூரில் குடியிருக்கும் உங்களுக்கு வயலில் யார் உழுகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். மங்களநாயகி கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "நான் பாவாடை கட்டின நாள்லேருந்து பார்க்கிறேன். முதல்ல அவர் அப்பா, அப்புறம் அவர். விதை அவர் வீட்டு விதை. தண்ணி கட்டுறது அவர். ஏரும் அவரோடது, மாடும் அவரோடது. எங்க வீட்ல இருக்கிறது ரெண்டு கறவை மாடு. அதுங்க உழாதுங்க."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். சபாபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயலில் உங்களுக்கும் பங்கு இருக்கிறதே, அதுவும் இதற்குக் கட்டுப்படும், தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரிந்துதான் வந்தேன் என்றார்.

மாரிமுத்துவின் பெயர் பதிவாயிற்று. வெளியே வந்ததும் மாரிமுத்து எங்களை நோக்கி வந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "பேரு எழுதினது இருக்கட்டும்மா. அத்தனை பேரு முன்னால என்னைய அவருன்னு சொன்னீங்க. உங்க வீட்டுலேருந்து அந்தச் சொல்லு இன்னிக்குத்தான் வருது" என்றார். அதுவரை எதற்கும் கலங்காத மங்களநாயகிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

அண்ணன் ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை. வீட்டுக் கல்யாணங்களுக்கு அழைப்பில்லை. மங்களநாயகி அதைப் பற்றி ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. பொங்கல்தோறும் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுவார், பதில் வராது.

பிறகு சபாபதிக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வாய்க்கால் தகராறு வந்தது. கைகலப்பு வரை போன பின் ஊரார் கூடிப் பேசினார்கள். யார் சொன்னால் இரண்டு தரப்பும் ஏற்பீர்கள் என்று கேட்டபோது சபாபதி எழுந்து, "என் தங்கச்சியைக் கூப்பிடுங்க. அது எனக்காகக்கூடப் பொய் சொல்லாது" என்றாராம். எதிராளி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மங்களநாயகி போய், வாய்க்கால் அண்ணனுடையதும் இல்லை, அதை அடைக்க மற்றவருக்கு உரிமையும் இல்லை, தாத்தா காலத்திலிருந்தே அது பொது என்றார். அரைமணி நேரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று மதியம் அண்ணன் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. என் அறிவில், அறநூல் படித்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை.

இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். விசாரணைக்கு முந்தைய நாள், காய்ச்சல் என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்று அவருக்கு யோசனை சொன்னவன் நான். பெரிய பொய்யைத் தவிர்க்கச் சின்னப் பொய் ஆகும் என்று நூல்களிலிருந்தே ஆதாரமும் காட்டினேன். "நான் போகலைன்னா மாரிமுத்து தனியா நிப்பார் சார்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் நான் ரயிலேறியது துணைக்காக மட்டும் அல்ல, வெட்கத்தாலும்தான்.

இதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான் என்று விட்டிருந்தார் போலும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது உள்ளதைச் சொல்லும் துணிவு. எண்பத்திரண்டு வயதில், ஒன்றையும் விடாமல் எழுதிவிட்டேன்.