படகு விளக்கில் நான் சுற்றிய சிவப்புத் தாள்

அந்த விளக்கைக் கெடுத்தவன் நான்தான். பழியைச் சுமந்தவர் பாரூக் நானா... கெடுத்தவன் நான்!

இதுவும் ஊரைச் சிரிக்கவைக்கும் என் பகிடிகளில் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கண்டிக்குச் சற்று வெளியே, மகாவலியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தில் துடுப்புப் படகு வலிக்கிறேன். இருட்டத் தொடங்கினால் படகின் பின்பக்கக் கம்பத்தில் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். கண்ணாடியைத் துடைப்பது, பற்றரி பார்ப்பது, தண்ணீர் புகாமல் ரப்பர் வளையத்தை இறுக்குவது எல்லாம் என் பொறுப்பு. மோட்டார் படகு ஓட்டிய பாரூக்கை அண்ணன் முறையில் ‘நானா’ என்போம்; அவர் அந்த வெள்ளை வெளிச்சத்தைக் கண்டுதான் விலகிப் போவார்.

புத்தர் திருநாளான வெசாக் வந்தது. கரை நெடுக வண்ணத்தாள் ஒட்டிய வெசாக் கூடுகள் விளக்கெரியத் தொங்கின. எனக்குக் கை சும்மா இருக்குமா? மெல்லிய சிவப்புத் தாளை எடுத்து விளக்கைச் சுற்றி ஒட்டினேன். என் படகும் ஒரு வெசாக் கூடு! நானா பார்த்துத் திட்டுவார், நான் சிரிப்பேன்... அவ்வளவுதான் என் திட்டம்.

பொழுது சாய்ந்ததும் கரையோரமாகத் தனியே வலித்து வந்தேன். மோட்டார் சத்தம் நேராக என்னை நோக்கி வந்தது. விலகவில்லை! “நானா!” என்று கத்தினேன். அதற்குள் மோட்டார் படகு இடித்து என் படகு கவிழ்ந்துவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் பிழைக்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்பதையே பகிடியாகச் சொல்லித் திரிந்தவன் நான்...

நானா கட்டியிருந்த சாரத்தோடு குதித்தார். என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். “வாய மூடு மகன்! தண்ணியக் குடிக்காத!”

இன்று நான் விடும் மூச்சு அவர் தந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். எந்த நன்றி இதற்கு ஈடாகும்?

நான் என்ன செய்தேன் தெரியுமா?

மறுநாள் காலை படகை இழுத்துக் கரையேற்றினார்கள். விளக்கு அப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் வளையத்தை அவ்வளவு ஒழுங்காக இறுக்கியிருந்தேன்! தாளை மட்டும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

“நேத்து வெளக்கு எரிஞ்சிச்சாடா?” என்றார் படகுகளின் முதலாளி.

“பளிச்சுன்னு எரிஞ்சிச்சுங்க.”

“வெள்ள வெளிச்சம் ஒன்டும் ஈக்கல்ல முதலாளி,” என்றார் நானா. “செவப்பா ஒன்டு தெரிஞ்ச. கரையில தொங்குற கூடுன்டு நெனச்சேன்.”

“நானாவுக்காக வெசாக் கூடு நீந்தி வந்திருக்குங்க!” என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோட்டார் படகின் சாவியை நானாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

ஏன் வாய் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? என் பகிடிக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பை விட மனமில்லையா? இன்றும் தெரியவில்லை...

நானா இப்போது பேராதனையில் ஆட்டோ ஓட்டுகிறார். போன கிழமை என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

“நீந்தப் பழகினியா மகன்?”

“பழகிட்டேன் நானா.”

ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கினார். பிறகு, “அன்டைக்கி நான் கண்டது செவப்பு வெளிச்சம்தான். எங்கட ஊட்டு ஆக்களும் நம்புறல்ல. நீ சரி நம்புறியா?”

“நம்புறேன் நானா.”

அவர் கண்கள் கலங்கின. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

எனக்கு!