பழைய வெர்ஷன்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் ஒருவர் பாட்டுகளுக்கு இசையமைத்துக் கொடுத்துவந்தார். கீழே நாள் முழுக்கத் தகரம் அடிப்பதால் மேலே மைக் வைத்து எந்த வாத்தியத்தையும் பதிய முடியாது. பாடுகிறவர்கள் மட்டும் பட்டறையின் சாப்பாட்டு நேரத்தில் பாடிவிட்டுப் போவார்கள். மற்ற எல்லாச் சத்தமும் கம்ப்யூட்டரில் இருந்த சிந்தசைசர் ப்ளக்இன் என்ற ஒரு மென்பொருளிலிருந்து வரும்.

எங்கள் பள்ளியின் பிரிவு உபசாரப் பாட்டுக்காகப் போனபோது அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். ப்ளக்இன் அடிக்கடி உறைந்து நின்றுவிடும். உடனே கையைக் கட்டிக்கொண்டு திரையைத் திட்டுவார்.

"சனியனே, இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்தே?"

"கம்பெனிக்கு எழுதலாமே?" என்றேன்.

"எழுதியாச்சுங்க சார். கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். ஆனா அதுல வர்ற ஷெனாய் சத்தத்தை மட்டும் தொட்டுராதீங்கன்னு கடைசியில கும்புட்டுக் கேட்டிருக்கேனுங்க."

அடுத்த வருடம் மாணவர்களைப் பாட அழைத்துப் போனேன். புது வெர்ஷன் வந்துவிட்டது, அது நிற்பதே இல்லை என்றார். ஆனால் திரையில் பழையதுதான் உறைந்து நின்றது.

"அப்புறம் எதுக்குங்க இது?"

"புதுசுல எல்லாம் சரியா இருக்குதுங்க. ஷெனாய்தான் அழுவ மாட்டேங்குது."

கையைக் கட்டிக்கொண்டு மறுபடி திட்ட ஆரம்பித்தார். மாணவர்கள் பாடுவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து கீழே தகரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பாட்டில் அந்த ஷெனாய் வருவது நாலே நொடி.