விழ வேண்டிய சுவர்

மன்னார் எழுத்தூரில் றோஸ்மேரியின் வீட்டைக் கேட்டால் ஆரும் இலக்கம் சொல்வதில்லை. "எந்த வீட்டுச் சுவரைப் பாத்தால் கண் நோகாமல் இருக்கோ, அதுதான்" என்று கையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை.

2007 இல் சண்டையால் முள்ளிக்குளத்தை விட்டு ஒரு துணிப்பையோடு வெளிக்கிட்டவள். ஐந்து வருசம் தறப்பாள் கூடாரத்துக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் போனது. ஒரு ஞாயிறு பூசை முடிய, மீள்குடியேற்ற வேலைக்கு வந்த நிறுவனம் ஒன்று பெண்களுக்குச் சுவர் கட்டும் மேசன் வேலை பழக்கப் போகிறதென்று மாதா கோயிலில் அறிவித்தார்கள். பன்னிரண்டு பெண்கள் பேர் கொடுத்தார்கள். ஆறு மாதம் முடிய மிஞ்சினது மூன்று பேர்.

"மண் குழைக்கப் போறியோ? உனக்கென்ன விசரே?" என்று கேட்டவர் புருசன் அருட்பிரகாசம். கடலுக்குப் போகிறவர். ஆனால் அவள் இந்த வீட்டைத் தன் கையாலேயே எழுப்பத் தொடங்கியபோது, தன்னுடைய தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தா, உன்ர தூக்குக்குண்டு. மீன் பிடிபட்டால் எனக்குச் சொல்லு." அந்தக் குண்டைத்தான் அவள் இன்றைக்கும் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் நேர் பார்க்கிறாள்.

வீட்டின் கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகளையும் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் மூன்று பெடியளுக்குத் தங்க விட்டிருந்தாள். ஒருவன் அவளுடைய அக்காவின் மகன் ஜஸ்ரின். மற்றவன் இலுப்பைக்கடவையிலிருந்து வந்த துஷாந்தன். மூன்றாமவன் முசலியைச் சேர்ந்த மர்சூக். பிறந்து வளர்ந்தது புத்தளத்தில், தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட தாய் தகப்பன் திரும்பி வந்தபோது கூடவே வந்தவன். மூவரும் சேர்ந்து அந்த இரண்டு அறைகளையும் என்ன பாடு படுத்தினார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சோத்துப்பானையை யார் கழுவுவது என்ற வழக்கு நாலு நாள் நடக்கும். ஐந்தாம் நாள் பானைக்குள் என்னவோ முளைத்திருக்கும். ஒருமுறை கதவைப் பூட்ட மறந்துபோய், றோட்டில் திரிந்த கழுதை உள்ளே வந்து துஷாந்தனின் பாடக்கொப்பியில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது.

"நல்லகாலம். கழுதையாவது சோதினை பாஸ்பண்ணட்டும்" என்றான் மர்சூக்.

மர்சூக்கின் மடிக்கணினியில் ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகம் கிடந்தது. வீட்டுத்திட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஒரே வீட்டில் குடியிருக்கும் மாணவர்களின் பகிடிக்கதை. ஒருவருக்கொருவர் அடிபடுவார்கள், ஊத்தைக்குள் கிடப்பார்கள், காரணமில்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு வருவார்கள். பெடியள் மூவரும் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ஒரு பின்னேரம் றோஸ்மேரியும் வாசலில் நின்று பார்த்தாள்.

"அன்ரி, விளங்குதே?" என்று கேட்டான் மர்சூக்.

"கதை விளங்கேல்லை. சுவர் விளங்குது. முந்தநாள் நீங்கள் பாக்கேக்கையும் இதே சுவரைத்தானே உடைச்சவங்கள்? இண்டைக்கு முழுசா நிக்குது. ஆரடா திருப்பிக் கட்டினது?"

நாடகம் முடிய பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. ஜஸ்ரின் நிற்பாட்டி நிற்பாட்டி வாசித்தான். எது கட்டினவன் பெயர் என்று பிடிபடவில்லை.

"உடைச்சவனைத் தெரியுது, கட்டினவனைத் தெரியேல்லை. நல்ல நாடகம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் பெடியளுக்கு அந்தப் பேய் பிடித்தது. தாங்களும் அப்படி ஒன்று செய்யப்போகிறார்களாம். ஒரு வீடு, மூன்று மாணவர்கள், ஒரு கழுதை. மன்னார் ரவுணில் கேபிள் ரீவி நடத்துகிற ஒருவர், சனத்துக்கு முன்னால் நடியுங்கள், படம் எடுக்கிறேன், சனம் சிரித்தால் ரீவியில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இடம், துஷாந்தனின் ஊரான இலுப்பைக்கடவைப் பொதுமண்டப முற்றம். கதையின் உச்சம் இதுதான்: வீட்டுத்திட்டப் படிவத்தை யார் நிரப்புவதென்று மூவரும் சண்டை பிடிப்பார்கள், ஜஸ்ரின் கோபத்தில் சுவரை உடைத்துக்கொண்டு போவான், அந்த ஓட்டைக்குள்ளால் கழுதை வந்து படிவத்தைத் தின்னும்.

"அன்ரி, உடையிற மாதிரி ஒரு சுவர் கட்டித் தருவியளோ?"

"நான் கட்டுற சுவர் உடையாது."

அவள் மறுத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. இலுப்பைக்கடவையில் ஆறு வீடுகள் கட்ட இருந்தன. மேசனைத் தெரிவு செய்வது ஊர்க்குழு. குழுத் தலைவர் பரமநாதன், துஷாந்தனின் தாய்மாமன். வயல்காரர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். முதலில் தன் வீட்டில் சமைக்கிற குசினிச் சுவரை மட்டும் றோஸ்மேரியிடம் கொடுத்திருந்தார். "பாப்பம் தங்கச்சி, அதுக்குப் பிறகு சொல்லுறன்." குழுவில் ஒருவர் அவள் காதில் விழவே கேட்டார்: "பொம்பிளை கட்டின சுவர் மாரி மழைக்கு நிக்குமோ?" இப்போது அதே சனத்துக்கு முன்னால் அவள் கட்டின சுவர் பொலபொலவென்று விழுந்தால்? நாடகம் என்பதை ஒரு கிழமையில் மறந்துவிடுவார்கள். விழுந்ததை மறக்க மாட்டார்கள்.

"சரி அன்ரி, நாங்கள் காட்போட் மட்டையில செய்யிறம்" என்றான் ஜஸ்ரின்.

"மட்டையைக் கழுதை தின்னுமெல்லோ" என்றான் துஷாந்தன்.

"தின்னும். நாடகம் துவங்க முதலே வீடு முடிஞ்சிடும்" என்றான் மர்சூக்.

அருட்பிரகாசம் வலையை விரித்தபடி சிரித்தார். "மேசன் வீட்டுப் பெடியள் மட்டைச் சுவரோடை ரீவியில வரட்டும். நல்ல பேர்தான்."

அதுதான் அவளைக் குத்தியது. "ஆரடா மட்டை எண்டது? நான் கட்டுறன்."

கட்டினாள். பிடிக்காதென்று மன்னாரில் எந்த மேசனும் தொடாத உப்பு மண்ணைக் கடற்கரையிலிருந்து அள்ளுவித்தாள். ஒரு தாச்சிச் சட்டி மண்ணுக்கு ஒரு கைப்பிடி சீமெந்து. இரண்டங்குலத் தடிப்பில் தனி அச்சு செய்து சீமெந்துக் கல் அரிந்தாள். நல்ல கல் அரிந்து பழகின கைக்கு அது களவெடுக்கிறது போல இருந்தது. "மாதாவே, இதை ஒருத்தரும் காணக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டு பொதுமண்டப முற்றத்தில் சுவரை எழுப்பினாள். ஈயக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்க்காமல் விட அவளால் முடியவில்லை. விழப்போகிற சுவரென்றாலும் கோணலாக நிற்கலாமோ?

நாடகத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் அவள் பக்கத்து வளவில் பரமநாதனின் குசினிச் சுவரில் வேலை செய்தாள். காலையிலும் பின்னேரமும் வாளியோடு வந்து சுவர் இறுகத் தண்ணீர் விட்டாள்.

நாடகத்தன்று பின்னேரம் நாலு மணிக்கே முற்றம் நிரம்பிவிட்டது. முன்வரிசைக் கதிரையில் பரமநாதன். றோஸ்மேரி வேலைச் சட்டையோடு ஓரமாக நின்றாள். பெடியள் வந்ததும் சனம் சிரிக்கத் தொடங்கியது. பானை வழக்கு, முளைத்த சோறு, படிவத்தின் இருபத்தேழாம் கேள்வி. "குடும்பத் தலைவர் ஆரெண்டு கேக்குது!" "கழுதை எண்டு போடு!" எல்லாரும் அந்தப் படிவத்தை நிரப்பிக் களைத்தவர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜஸ்ரினுக்குக் கோபம் வந்தது. பின்னுக்குப் போனான். ஓடிவந்து தோளால் சுவரில் மோதினான்.

சுவர் அசையவில்லை. ஜஸ்ரின்தான் மல்லாக்க விழுந்தான்.

சனம் கூவியது. அவன் எழும்பித் திரும்ப ஓடினான். திரும்ப விழுந்தான். மர்சூக் தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ்! மச்சான், கதவால போவமே?" பகிடிதான், ஆனால் அவன் கண்ணில் பகிடி இல்லை. சுவருக்குப் பின்னால் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்ற துஷாந்தன் எட்டிப் பார்த்தான். ரீவிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டை விழாவிட்டால் கழுதை வராது. கழுதை வராவிட்டால் நாடகத்துக்கு முடிவே இல்லை.

றோஸ்மேரிக்கு விளங்கவில்லை. உப்பு மண், கைப்பிடிச் சீமெந்து, இரண்டங்குலம். எப்படி நிற்கும்? பிறகு தன் கையைப் பார்த்தாள். வாளி பிடித்த கை. எட்டு நாளும் காலையும் மாலையும் குசினிச் சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, வாளியில் மிச்சமிருந்ததை வரும் வழியில் இதற்கும் விட்டிருக்கிறாள். நினைத்துச் செய்யவில்லை. சுவரைக் கண்டால் தண்ணீர் விடுகிற கை அது. குடித்துக் குடித்துச் சுவர் இறுகிப்போய் நிற்கிறது.

முன்வரிசையில் ஆரோ சொன்னார்: "பொம்பிளை கட்டின சுவரடா! ஆம்பிளைப் பெடியனால உடைக்கேலாமல் கிடக்கு!"

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியே விட்டால் போதும். ஆறு வீடும் கைக்குள் வந்த மாதிரி. ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

ஜஸ்ரின் மூன்றாம் முறை எழும்பினான். தோள் தோலுரிந்திருந்தது. அவன் சனத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

பையிலிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு றோஸ்மேரி சுவரடிக்குப் போனாள். சனம் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. "தள்ளி நில்லுங்கோடா. துஷாந்தன், கழுதையைப் பின்னுக்கு எடு" என்றாள். காதைச் சுவரோடு வைத்துச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனாள். மூன்றாம் வரியில் ஒரு கல் வேறு சத்தம் போட்டது. வாளித் தண்ணீர் எட்டாத மூலை.

நிமிர்ந்து சனத்தைப் பார்த்தாள். குரல் தானாக வந்தது.

"இது நான் கட்டின சுவர். நான் சொன்னாத்தான் விழும்."

ஒரே அடி. அந்தக் கல் போனது, மேல் வரி இறங்கியது, பிறகு முழுச் சுவரும் புழுதியாய்ச் சரிந்துவிட்டது. புழுதிக்குள்ளால் கழுதை தலையை நீட்டி, ஒத்திகையில் ஒருநாளும் செய்யாத அழகாக, படிவத்தை வாங்கிச் சப்பியது. அந்தச் சிரிப்பு மன்னார் ரவுண் வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாரும் கலையத் தொடங்க, பரமநாதன் உடைந்த கல்லொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு மண்."

"ஓம் அண்ணை." அவள் குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். "விழவேணுமெண்டு வேணுமெண்டே போட்டனான். உங்கட குசினிக்கு ஆத்து மண்தான். வேணுமெண்டால் அதையும் சுரண்டிப் பாருங்கோ."

"அதை எப்பவோ பாத்திட்டன். உப்பு மண் எப்பிடி இந்தப் பிடி பிடிச்சது?"

"தண்ணி விட்டிட்டன். தெரியாமல்."

"எத்தினை நாள்?"

"எட்டு நாளும்."

பரமநாதன், குழுவில் அன்றைக்கு மாரிக்கு நிற்குமோ என்று கேட்டவரைக் கூப்பிட்டு, கல்லை அவர் கையில் வைத்தார். "விழுத்துறதுக்குக் கட்டின சுவருக்கே எட்டு நாள் தண்ணி விட்ட மனுசி. உன்ர வீட்டுச் சுவருக்கு விடாமல் விடுவாளோ? ஆறும் இவவுக்குத்தான், எழுது." திரும்பி அவளிடம், "தங்கச்சி, திங்கள் அத்திவாரம். வாளியை மறக்காதை" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு நாடகம் ரீவியில் போனது. வீடு நிறையச் சனம். தன் மனைவி சுவரை விழுத்துகிற இடம் வந்ததும் அருட்பிரகாசம் எழும்பி நின்று பார்த்தார். முடிய பெயர்கள் ஓடின. மூன்று பெடியளின் பெயர், ரீவிக்காரரின் பெயர், கழுதைக்கும் ஒரு நன்றி. பிறகு திரை ஒரு நொடி வெறுமையாகி, தனியாக ஒரு வரி வந்து நின்றது. மற்றவை ஓடினது போல அது ஓடவில்லை.

சுவர்: றோஸ்மேரி, மேசன், முள்ளிக்குளம்.

"நிப்பாட்டடா" என்றாள் றோஸ்மேரி.

"நிக்குதுதானே அன்ரி" என்றான் மர்சூக்.